அருகம்புல்லும் மூச்சிரைப்பும்

ஆண்டு மலருக்குத் திருப்பணி விவரமோ திருவிழாச் செய்தியோ எழுதித் தருவது என் வழக்கம். இம்முறை மலர்க்குழுவினரின் அனுமதியோடு புல்லைப் பற்றி எழுதுகிறேன். கோயில் மலரில் புல்லுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு.

கடந்த ஆண்டு விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் காலை, உபயதாரர் கணக்கைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். தோட்டத்து அம்மையார் ஒருவர் மனவருத்தத்தோடு வந்து நின்றார்.

“வாத்தியாரய்யா, புள்ளையாருக்கு அருகம்புல் மாலை சாத்துறத நிறுத்தச் சொல்லுங்க. என் பேரன் நேத்து சந்நிதியில நின்னு அப்படித் தும்முனான். ராத்திரி பூரா இழுப்பு. புல்லுல இருக்கிற தூளுதான் ஆஸ்துமாவுக்குக் காரணம்னு என் மக போன்ல படிச்சுக் காட்டினா” என்றார்.

அன்று மாலையே செயலவையில் இந்தப் பேச்சு எழுந்தது. “குழந்தைக்கு ஆகாதென்றால் ஒரு வருடம் நிறுத்திப் பார்ப்போமே” என்றார் ஒருவர். “பிள்ளையாருக்கு அருகம்புல் இல்லாமல் சதுர்த்தியா?” என்று மற்றொருவர் எழுந்தே விட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் நடத்தியவன் என்பதால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். “பார்த்துச் சொல்கிறேன்” என்று தப்பித்துக் கொண்டேன். ஆனால் புல்லுக்கும் மூச்சுக்கும் உள்ள பகை என் குடும்பத்துக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

புல்லும் பூக்கும்

புல்லுக்குப் பூ உண்டா என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். உண்டு. நெல்லும் சோளமும் கரும்பும் மூங்கிலும் புல் குடும்பத்தைச் சேர்ந்தவையே. செம்பருத்தியும் தாமரையும் வண்டை அழைக்க நிறம் வைத்திருக்கின்றன. புல்லுக்கு வண்டு தேவையில்லை, காற்றே தூதன். காற்று எந்தப் பக்கம் வீசும் என்று புல் அறியாது. ஆகவே மகரந்தத்தைக் கணக்கில்லாமல் தூவிவிடுகிறது. அதில் இன்னொரு பூவைச் சென்று சேருவது சிறு பங்குதான். மிச்சம் மண்ணிலும் நீரிலும் நம் மூக்கிலும் விழுகிறது.

அருகம்புல் பூத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பூ என்று எண்ணியிருக்க மாட்டீர்கள். மெல்லிய தண்டின் உச்சியில் நான்கைந்து குச்சிகள் விரல் விரித்தாற்போல் நிற்குமே, அதுதான் பூங்கொத்து. வெள்ளைக்காரர்கள் இதைப் பெர்முடா புல் என்பார்கள். வெப்ப நாடுகளில் ஒவ்வாமை தரும் புற்களின் பட்டியலில் இதன் மகரந்தம் முன்வரிசையில் இருப்பது உண்மையே. ஆகவே அந்த அம்மையாரின் மகள் போனில் படித்தது பொய்யில்லை. பாதி உண்மை, அவ்வளவுதான். ஒவ்வாமை தருவது பூவிலிருந்து பறக்கும் தூள். மாலைக்குத் தொடுப்பதோ இளம் இலைக் கொழுந்து.

இன்னொரு மயக்கத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மலை ஏறும் பாதையோரத்தில் லாலான் புல் வெள்ளை வெளேரென்று பஞ்சு விட்டுப் பறக்கும். அதைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பறப்பது விதை. அது மகரந்தமன்று. கண்ணுக்குத் தெரிகிற பஞ்சுக்குப் பயப்படுகிறோம். தும்ம வைப்பதோ கண்ணுக்குத் தெரியாதது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான். புல் மகரந்த மணி ஏறத்தாழ 30, 40 மைக்ரான் அளவே இருக்கும்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. 1819-இல் லண்டன் மருத்துவர் ஜான் போஸ்டாக், ஒவ்வொரு கோடையிலும் தமக்கு வரும் கண்ணரிப்பு, தும்மல், நெஞ்சடைப்பு ஆகியவற்றைத் தம் சக மருத்துவர்கள் முன் ஒரு கட்டுரையாகப் படித்தார். கோடை வெப்பமே காரணம் என்று அவர் எண்ணினார். வைக்கோல் வாசனைதான் காரணம் என்று பொதுமக்கள் எண்ணினார்கள். அதனால் ‘ஹே ஃபீவர்’, அதாவது வைக்கோல் காய்ச்சல் என்ற பெயர் நிலைத்தது. இதில் வைக்கோலும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் இருந்தார். அவருக்கும் இதே தொல்லை. பிள்ளைகள் ஜாடியில் செருகி வைத்திருந்த பூத்த புல்லை அசைக்கப்போய்த் தும்மலில் மாட்டிக்கொண்டவர், அதையே ஆராய்ச்சியாக்கிக் கொண்டார். புல் மகரந்தத்தைச் சேகரித்துத் தம் மூக்கிலேயே போட்டுப் பார்த்தார். தோலைக் கீறி அதில் தடவிப் பார்த்தார், வீங்கியது. பிசின் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, அவற்றில் ஒட்டிய மணிகளை நுண்ணோக்கியில் எண்ணினார். காற்றாடியில் கட்டி வானத்திலும் ஏற்றினார். உயரத்திலும் மகரந்தம் இருந்தது! 1873-இல் அவர் வெளியிட்ட நூல்தான் இந்த நோய்க்குப் புல்லே காரணம் என்று நிலைநாட்டியது. தம் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கிய அந்த மனிதரைப் பற்றிப் பாடம் நடத்தும்போது என் மாணவர்கள் மணி அடித்தாலும் எழமாட்டார்கள்.

சரி, ஒரு துளி மகரந்தம் ஏன் இவ்வளவு பாடு படுத்துகிறது? மகரந்தத்தில் நஞ்சு எதுவும் இல்லை. கோளாறு நம் காவலரிடம் இருக்கிறது. கோயில் வாசலில் நிற்கும் தொண்டர், தீங்கறியாத பக்தர் ஒருவரைத் திருடன் என்று நினைத்துக் கூச்சல் போட்டு, ஊரையே கூட்டி, தேங்காய்க் கூடையையும் தட்டிவிட்டால் எப்படியிருக்கும்? அதுதான் நம் உடம்பில் நடக்கிறது. குடற்புழு போன்றவற்றை எதிர்க்க உடம்பு ஒருவகைக் காப்புப் புரதத்தை உண்டாக்கும். அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர். ஜப்பானியத் தம்பதியரான இஷிசாகாக்கள் 1966-இல் அமெரிக்காவில் அதை இனங்கண்டார்கள். ஒவ்வாமைக்காரர்களின் உடம்பு அந்தப் புரதத்தை மகரந்தத்துக்கு எதிராகவே செய்துவிடுகிறது. மறுமுறை மகரந்தம் உள்ளே வந்ததும் சில உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. மூக்கில் நடந்தால் தும்மல், கண்ணில் நடந்தால் அரிப்பு, மூச்சுக்குழலில் நடந்தால் குழல் சுருங்கி இழுப்பு. ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-இல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த பிர்கே என்ற குழந்தை மருத்துவர்.

நம் மலையில் யார் குற்றவாளி?

அம்மையாரின் பேரனுக்கு வருவோம். பையன் கோலாலம்பூரில் படிக்கிறவன், பள்ளி விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்கு வந்தவன். “எப்போது இழுப்பு வந்தது?” என்று கேட்டேன். “படுத்த பிறகு.” “சதுர்த்திக்கு முன்னால் வந்ததா?” “வந்த முதல் நாளே கொஞ்சம் இருந்துச்சு.” “எதில் படுக்கிறான்?” “அவங்க தாத்தா வாங்கின பஞ்சு மெத்தைங்க. முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் கல்லு மாதிரி இருக்கு” என்றார் பெருமையோடு.

பையனின் பெற்றோர் அவனை ஈப்போவில் ஒரு சிறப்பு மருத்துவரிடம் காட்டினார்கள். அவர்களுடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன். முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்துகள் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஊசி முனையால் இலேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரம் கழித்து எந்த இடம் கொசுக்கடி போல் தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். புல் மகரந்தம் வைத்த இடம் சும்மா இருந்தது. தூசி உண்ணி வைத்த இடம் நன்றாகத் தடித்துவிட்டது.

தூசி உண்ணி என்பது சிலந்திக்குத் தூரத்து உறவான ஒரு நுண்ணுயிர். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் கம்பளத்திலும் வாழும். கடிக்காது. ஒவ்வாமை தருவது முக்கியமாக அதன் எச்சம். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இதுவே காரணம் என்று 1960-களில் நெதர்லாந்தின் லெய்டன் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆஸ்துமாக்காரர்களைச் சோதித்தால் முதலிடத்தில் வருவது இந்த உண்ணிதான். புல் மகரந்தம் வெகு பின்னால் நிற்கிறது. நம் நாட்டில் புற்கள் ஒரே பருவத்தில் சேர்ந்து பூப்பதில்லை, ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்கின்றன. அடிக்கடி பெய்யும் மழையும் காற்றைக் கழுவிவிடுகிறது. நம் மலையிலோ கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். தேயிலைப் பூவைத் தேடிப் பூச்சி வரும். அதன் மகரந்தம் புல்லினுடையதைப் போல் காற்றை நம்பிப் பறப்பதில்லை.

“மலைக்காற்று ஆஸ்துமாவுக்கு நல்லது” என்று சொல்லி ஓய்வுக்கு இங்கே வருகிறவர்கள் உண்டு. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது தெரியுமா? சுவிட்சர்லாந்தில் தாவோஸ் என்ற ஊர் நம் தானா ராத்தாவைவிடச் சற்றே உயரத்தில், 1,560 மீட்டரில் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்கள் அங்கே தங்கிக் குணம் கண்டது உண்மை. உயரம் ஒன்றினால் மட்டும் வந்த குணமன்று அது. அங்கே காற்று வறண்டது. தூசி உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. காற்று வறண்டால் அதுவும் வற்றிச் சாகும். நம் கேமரன் மலையில் உயரம் உண்டு, வறட்சி எங்கே? காலையில் மூடுபனி, மாலையில் மழை, துவைத்த போர்வை மூன்று நாளானாலும் காயாது, சுவரோரத்தில் பூஞ்சணம். உண்ணிக்கு இதைவிட நல்ல ஊர் வேண்டுமா?

என் தாயார் லயத்தில் இருந்த காலத்தில் விடியற்காலை இரைப்பு வந்தால் “பனி ஒத்துக்கலை” என்பார்கள். கதவைச் சாத்தி இன்னொரு கம்பளிப் போர்வையைத் தலைவரை போர்த்திவிடுவோம். இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அம்மையார் முப்பது வருட மெத்தையை மனமின்றித்தான் கொடுத்தார். பேரனுக்குப் புது மெத்தையும், அதற்கு நெருக்கமாக நெய்த உறையும் வாங்கினார்கள். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டு நீரில் துவைக்கிறார்கள். வெறும் குளிர்நீரில் அலசினால் உண்ணி சாகாது. மருத்துவர் கொடுத்த தடுப்பு மருந்தும் நடக்கிறது. சந்நிதியில் தும்மல் வந்தது எதனால் என்று கேட்டால், சாம்பிராணிப் புகையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. புகை ஒவ்வாமைப் பொருள் அன்று. ஆனால் ஏற்கெனவே புண்பட்டிருக்கும் மூச்சுக்குழலை உறுத்தும். தூபம் காட்டும்போது பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்து வைக்கச் செயலவை ஒப்புக்கொண்டது. அருகம்புல் மாலை தொடர்கிறது. மாலை தொடுக்கும் பாட்டி மட்டும் பூத்த தண்டு தென்பட்டால் கிள்ளி எறிந்துவிடுகிறார்.

நம் மலைக்கே உரிய இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் இடத்திலும் கலக்கும் இடத்திலும் இலையின் நுண்மயிர்கள் தூசியாகப் பறக்கும். இலங்கை மருத்துவர் உரகொட 1970-இல் தேயிலைத் தூசியால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி எழுதியிருக்கிறார். வேலை நாளில் இழுப்பு, விடுமுறையில் சுகம் என்றிருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

மெல்பர்னில் ஒரு மாலைப்பொழுது

இவ்வளவு சொன்னதால் புல் குற்றமற்றது என்று தீர்ப்பெழுதி முடித்துவிட முடியாது. இந்த மண்ணில் சாதுவாக இருக்கும் புல் இன்னொரு மண்ணில் உயிரைக் குடித்திருக்கிறது.

என் மகள் 2011-இல் மேற்படிப்புக்காக மெல்பர்ன் சென்றாள். சிறு வயதில் அவளுக்குச் சளித் தொல்லைகூட அதிகம் இருந்ததில்லை. மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் “அப்பா, கண்ணு அரிக்குது, மூக்கு ஒழுகிக்கிட்டே இருக்கு” என்றாள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து இஞ்சிக் கஷாயம் போடச் சொன்னேன். அறிவியல் ஆசிரியர் கொடுத்த ஆலோசனையைப் பாருங்கள்! ஒவ்வோர் அக்டோபரிலும் அது வந்தது, டிசம்பர் முடிவில் போனது. நானும் அவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

2016 நவம்பர் 21, திங்கட்கிழமை. அன்று மெல்பர்னில் வெயில் 35 டிகிரி. மாலை ஆறு மணியளவில் மேற்கிலிருந்து இடியோடு புயற்காற்று வந்தது. வேலை முடிந்து ரயில் நிலையத்திலிருந்து நடந்து வந்த என் மகள், காற்று குளிர்ச்சியாக இருக்கிறதே என்று சற்று நின்றிருக்கிறாள். அரை மணி நேரத்தில் மூச்சு விட முடியவில்லை. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் தம் நீல நிற பம்ப்பைக் கொடுத்து, காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு போனார். அங்கே உட்கார நாற்காலி இல்லை. நடைபாதை முழுவதும் அவளைப் போலவே மூச்சுக்குத் தவிக்கும் கூட்டம். நள்ளிரவு கடந்து அவள் என்னை அழைத்தபோது, குரலைக் கேட்டு அவள்தான் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அந்த மாலை ஆறு மணியிலிருந்து 30 மணி நேரத்தில் மெல்பர்ன் வட்டார மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு, வழக்கத்தைவிட 3,365 பேர் அதிகமாக மூச்சுத் தொல்லையோடு வந்தார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். உலகம் இதுவரை கண்ட ‘இடிமழை ஆஸ்துமா’ நிகழ்ச்சிகளில் அதுவே மிகப் பெரியது. இதற்கு முன் 1983-இல் பர்மிங்காமிலும் 1994-இல் லண்டனிலும் சிறிய அளவில் நடந்திருக்கிறது.

நடந்தது என்னவென்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். மெல்பர்னுக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்த மேய்ச்சல் வெளிகள். அங்கே மண்டிக் கிடப்பது ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த ரை புல். நம் புற்களைப் போல் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூக்காமல், வசந்த முடிவில் எல்லாம் ஒருசேரப் பூக்கும். முழு மகரந்த மணி பெரிதாகையால் மூக்கிலும் தொண்டையிலுமே தங்கிவிடும், நுரையீரலின் அடிவரை போகாது. அதனால்தான் சாதாரண நாளில் தும்மலோடு போகிறது. இடிமேகம் இந்த மணிகளை மேலே உறிஞ்சிக் கொள்கிறது. மேகத்தின் ஈரம் பட்டதும் மணி ஊதி வெடிக்கிறது. ஒரு மணிக்குள் சுமார் 700 மாவுத் துகள்கள், ஒவ்வொன்றும் மூன்று மைக்ரானுக்கும் குறைவு. மழைக்கு முன்னால் வீசும் குளிர்காற்று அவற்றைத் தரைக்குத் தள்ளுகிறது. என் மகள் நின்று அனுபவித்த அந்தக் குளிர்காற்றுதான். அவ்வளவு நுண்ணிய துகள் நுரையீரலின் அடிக்கிளை வரை இறங்கிவிடும்.

பிறகு பாதிக்கப்பட்டவர்களை விசாரித்தபோது தெரிய வந்ததைத்தான் இந்தக் கட்டுரையின் நடுநாயகமாக நான் கருதுகிறேன். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு முன்பே வசந்த காலத் தும்மல் இருந்திருக்கிறது. ஆனால் ஆஸ்துமா என்று மருத்துவர் சொல்லியிருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்திய, ஆசிய வம்சாவளியினர் அவர்களின் மக்கள்தொகைப் பங்கைவிட மிக அதிகமாக இருந்தார்கள். நம் பிள்ளைகள் ரை புல் இல்லாத நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். அங்கே போன முதல் ஆண்டு ஒன்றும் இருக்காது. இரண்டு மூன்று வசந்தம் கழித்துத்தான் உடம்பு அந்த மகரந்தத்தை எதிரியாகப் பதிந்து கொள்ளும். குடியேறிய ஆசியர்களுக்குத் தங்கும் ஆண்டுகள் கூடக் கூட ஹே ஃபீவர் கூடுவதை மெல்பர்ன் மருத்துவர்கள் 1990-களிலேயே எழுதியிருக்கிறார்கள். “எனக்கு ஆஸ்துமா கிடையாது” என்று தைரியமாக இருப்பவர்கள்தான் பம்ப் இல்லாமல் மாட்டிக் கொள்கிறார்கள்.

நமது அறநிலையத்தின் கல்வி உதவியோடு வெளிநாடு செல்லும் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா போகிறவர்களிடம், குறிப்பாக மெல்பர்னுக்குப் போகிறவர்களிடம், உதவித்தொகைக் கடிதத்தோடு ஒரு பக்கக் குறிப்பும் கொடுக்க வேண்டும் என்று செயலவையில் கேட்டுக் கொண்டேன். ஏற்றுக் கொண்டார்கள். அந்தக் குறிப்பை எழுதியவனும் நானே, மருத்துவர் ஒருவர் பார்த்துத் திருத்திக் கொடுத்தார்.

வசந்தத்தில் தும்மலும் கண்ணரிப்பும் தொடங்கினால் கஷாயத்தோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூக்கில் அடிக்கும் மருந்து இருக்கிறது. தேவைப்பட்டால் மூச்சில் இழுக்கும் தடுப்பு மருந்தும் தருவார்கள். நீல நிற பம்ப் சுருங்கிய குழலை அப்போதைக்கு விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியை ஆற்றாது. அதை மட்டும் நம்பி ஆஸ்துமாவை ஓட்டக்கூடாது என்று 2019-இல் உலக ஆஸ்துமா வழிகாட்டுநர்களே மாற்றிச் சொல்லிவிட்டார்கள். “பம்ப் பழகிவிடும், பெண் பிள்ளைக்கு ஆகாது” என்ற பேச்சை நம் வீடுகளில் இன்னும் கேட்கிறேன். பழகுவதில்லை. பம்ப் அடிப்பதை மறைத்து வைப்பதுதான் ஆபத்து. புல் ஒவ்வாமைக்குச் சிறிது சிறிதாக அந்த மகரந்தச் சத்தையே கொடுத்து உடம்பைப் பழக்கும் மருத்துவமும் உண்டு. 1911-இல் லண்டனில் லியோனார்ட் நூன் தொடங்கி வைத்தது. இன்று நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையாகவும் வந்துவிட்டது. ஆண்டுக்கணக்கில் எடுக்க வேண்டும், செலவும் உண்டு.

விக்டோரியா மாநிலத்தில் 2017 முதல் அக்டோபர் 1-இலிருந்து டிசம்பர் 31 வரை இடிமழை ஆஸ்துமா முன்னறிவிப்பு தருகிறார்கள். சாலை விளக்கு போல் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். சிவப்பு நாளில் புயல் வரும்போது, அதிலும் மழைக்கு முந்திய காற்றின்போது, வீட்டுக்குள் இருந்து சன்னல்களைச் சாத்திக் கொள்ள வேண்டும். மூச்சு அடைத்தால் படுக்கக்கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும். நீல பம்ப்பைக் குப்பி பொருத்தி ஒவ்வொன்றாக நான்கு முறை அடித்து, ஒவ்வோர் அடிக்கும் நான்கு மூச்சு இழுக்க வேண்டும். நான்கு நிமிடம் பொறுத்துப் பார்த்துக் குறையாவிட்டால் மீண்டும் நான்கு. அப்போதும் குறையவில்லையென்றால் அங்கே 000, இங்கே 999. பேச முடியாத அளவு திணறினால் முதலிலேயே அழைத்துவிட வேண்டும்.

என் மகள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். செப்டம்பர் பிறந்ததும் தடுப்பு மருந்தைத் தொடங்கிவிடுகிறாள். கைப்பையில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று இரண்டு நீல பம்ப் வைத்திருக்கிறாள். அக்டோபர் முதல் நாள் நான் தொலைபேசியில் அழைத்ததும், நலம் விசாரிக்கு முன்பே “வாங்கிட்டேன்ப்பா” என்கிறாள்.